பட்டி வைத்த படகு

ஹபீப் ரஹ்மானைப் பற்றி எழுதப் போடிநாயக்கனூரில் என்னைவிட யோக்கியமான ஆட்கள் நூறு பேர் இருப்பார்கள். ஆனால் படகு விஷயம் முழுசாகத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அதில் ஒருவர் போன வருஷம் இறந்துவிட்டார். இன்னொருவர் வாயைத் திறக்கமாட்டார். மிச்சம் நான், ஜீப் மெக்கானிக் மொக்கச்சாமி.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். ஹபீப் கீழக்கரைப் பக்கத்துக்காரர். தோணி கட்டுகிற குடும்பம். எழுபத்தொன்றில் எங்கள் ஊர் ஏலக்காய்க் கடை அப்துல் அஜீஸ் ராவுத்தரின் ஒரே மகள் ரஹ்மத்துன்னிசாவைக் கட்டிக்கொண்டு மாமனார் வீட்டோடு வந்து சேர்ந்தார். மலையடிவாரத்தில் தோணி கட்டுகிறவருக்கு என்ன சோலி? கடையில் உட்கார்ந்து ஏலக்காயைத் தரம் பிரித்தார். பச்சைக்காய் ஒரு பக்கம், வெளுத்த காய் ஒரு பக்கம். உளி பிடித்துக் காய்த்துப்போன அந்தப் பெரிய கைக்குள் ஏலக்காய் இருக்கிற இடமே தெரியாது.

ஊரே அவரை "மாப்ளே" என்றுதான் கூப்பிடும். அதில் பாதி பாசம், பாதி குத்தல். "என்ன மாப்ளே, இன்னைக்குக் கடல்ல அலை எப்படி?" என்று கடைவீதியில் யாராவது கேட்பான். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். நானும் கேட்டிருக்கிறேன். ஒருதடவை இரண்டுதடவை இல்லை.

எந்த மரத்தைப் பார்த்தாலும் விரல்கணுவால் தட்டிக் காதை வைத்துக் கேட்கிற பழக்கம் அவருக்கு உண்டு. என் பட்டறைக் கதவைத் தட்டிவிட்டு, "கீழ்ப்பக்கம் செல்லு பிடிச்சிருக்குண்ணே" என்றார் ஒருநாள். கழற்றிப் பார்த்தால் கரையான் அரித்துத்தான் இருந்தது. அன்றைக்குத்தான் கொஞ்சம் மனசு விட்டுப் பேசினார்.

"மாமா தங்கமான மனுசன்ண்ணே. ஆனா சாப்பிட்ட தட்டை நானே கழுவ எடுத்தாக் கோவிச்சுக்கிடுறாரு. ஏழு வருஷமா விருந்தாளியாவே இருக்கேன். ஒரு ஓட்டு வீடா இருந்தாலும் எனக்குன்னு இருந்தாப் போதும்."

இதைத் தெரிந்துகொண்டுதான் நான் அதைச் செய்தேன். தெரியாமல் செய்திருந்தால் இதை எழுதவேண்டிய அவசியம் வந்திருக்காது.

எழுபத்தெட்டு மாசியில் ஒரு லாரி தூத்துக்குடியிலிருந்து ஒரு படகை ஏற்றிக்கொண்டு போடிக்குள் வந்தது. போடிமெட்டுக்கு அந்தப்பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருந்த சுருளிவேல் முதலாளி வாங்கியது. தோட்டத்தை ஒட்டி அணைத் தண்ணீர் கிடக்கிறது, அதில் ஓட்டவேண்டுமாம். இருபத்து நான்கடி நீளம், செம்மரம் மாதிரி பளபளக்கிற வெளிநாட்டுப் பலகை, பின்னால் இரண்டு எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். கடலில் அலைமேல் பந்தயம் ஓட்டுவதற்கென்று எவனோ வெள்ளைக்காரன் கட்டிய படகு. எங்கள் அணையில் இந்த முனையில் முறுக்கினால் அந்த முனை வந்துவிடும், பிரேக்கும் கிடையாது. அதைச் சொல்ல யாருக்குத் தைரியம் இருக்கிறது? ஊர் திரண்டு வந்து பார்த்தது. ராசிங்காபுரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள்கூட உண்டு.

எஞ்சின் வேலை எனக்கு. உப்புத் தண்ணீர் குடித்துக் குடித்து உள்ளே துருப்பிடித்து, பிஸ்டன் அப்படியே ஒட்டிக்கிடந்தது. பதினோரு நாள் டீசல் ஊற்றி ஊறவைத்து, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி அசைத்தேன். கார்பரேட்டரை ஊசி ஊசியாகக் கழற்றினேன். இன்றைக்கும் சொல்கிறேன், அந்த எஞ்சினில் ஒருத்தன் குறை சொல்லமுடியாது. என் கர்வமெல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

மரவேலைக்கு ஆள் கேட்டார் முதலாளி. ஹபீபை நான்தான் சொன்னேன். எனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது. அவர் மலையேறி வந்து, கவிழ்த்துப்போட்ட படகைப் பலகை பலகையாகத் தட்டிக் கேட்டார். எது உளுத்தது, எது நல்லது என்று சுண்ணாம்பால் குறி போட்டார். பார்த்துக்கொண்டே நின்ற முதலாளி அங்கேயே சொல்லிவிட்டார்.

"படகு நல்லா மிதந்துட்டா நீயே இருந்து பாத்துக்கப்பா. அணைக்கரையில ரெண்டு ரூம்பு வீடு சும்மாத்தான் கெடக்கு. பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வந்துரு."

அடுத்த வாரமே ரஹ்மத்துன்னிசா என் ஜீப்பில் ஏறி வந்து வீட்டைப் பார்த்தாள். தகரக் கூரை, வாசலில் ஒரு கொய்யா. சமையலறைச் சுவரைக் கையால் சாண் போட்டு அளந்தாள், அலமாரிப் பலகை அடிக்க. "பதினாலு சாணு இருக்குங்க" என்று அவரிடம் சொன்னபோது அவள் குரலே வேறு மாதிரி இருந்தது. அவர் கீழே போய் அன்றைக்கே பலகையை இழைத்துவிட்டார்.

சித்திரை முடிவில் முதலாளியின் மகள்கள் இரண்டு பேரும் ஊட்டிப் பள்ளிக்கூடத்திலிருந்து லீவுக்கு வருகிறார்கள். அதற்குள் படகு ஓடவேண்டும். உளுத்த பலகைகளை மாற்றி முடித்திருந்தார் ஹபீப். ஆனால் பழைய பலகைகளில் ஈரம், பெயிண்ட் பிடிக்காது. வேலை என் பேரில் நடந்ததால் முடிவெடுக்கிறவன் நான். ஏலக்காய் ஸ்டோர் காலியாகக் கிடந்தது. அறுவடை இல்லாத மாதம். அடுப்பில் விறகைப் போட்டால் சூடு குழாய் வழியாகச் சுற்றி அறை முழுக்கக் கொதிக்கும். ஒன்றரை நாளில் பச்சைக்காயே சலசலவென்று காய்கிறதே, பலகை காயாதா? மலையில் எதைக் காயவைக்க வேண்டுமென்றாலும் எங்களுக்கு ஸ்டோர்தான். கம்பளி, மிளகு, ஜீப்பு சீட்டுகூட. கதவு நிலையைப் பெயர்த்து எடுத்துவிட்டுப் படகை உள்ளே தள்ளச் சொன்னேன்.

ஹபீப் குறுக்கே வந்து நின்றார். "வேணாம்ண்ணே. இது ஏலக்காய் இல்ல. தண்ணிக்குள்ளயே கெடக்குற மரம், ஈரம்தான் அதுக்கு உசுரு. இந்தச் சூட்டுல சுருங்கிப்போயிரும்."

"நீங்க தோணி கட்டுன ஆளு மாப்ளே. இது ஸ்பீடு போட்டு. பேசாம இருங்க."

ஐந்து நாள் சூடு போட்டேன். வெளியே இழுத்துப் பார்த்தால், பலகைக்கும் பலகைக்கும் நடுவில் நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி. படகு முழுக்க ஏலக்காய் வாசம். ஹபீப் என்மேல் எரிந்து விழவில்லை. "சரிண்ணே, நடந்தது நடந்துபோச்சு. பஞ்சுத் திரியக் குங்கிலியத்துலயும் புன்னை எண்ணெயிலயும் ஊறவச்சு இடுக்குல திணிச்சுக் கலப்பத்து அடிச்சிருவோம். மெதுவா இருக்கும், மரம் உப்பும்போது விட்டுக்குடுக்கும். அப்புறம் ஆழமில்லாத தண்ணியில மூணு நாளு போட்டுவைப்போம். தண்ணி குடிச்சு அதுவா மூடிக்கும்" என்றார்.

மூன்று நாள்! முதலாளி கண்ணெதிரே படகு தண்ணீர் குடித்துக்கொண்டு கிடக்கிறதா? மொக்கச்சாமி பட்டறை வேலை ஒழுகுது என்று போடி முழுக்கப் பேசுவான்கள். என் மானம் என்ன ஆவது?

பித்தளைத் திருகாணி வேண்டும், மதுரைக்குப் போய் வெரசா வாங்கிட்டு வாங்க என்று அவரை அனுப்பினேன். திருகாணி தேவைதான். ஆனால் அதற்காக அனுப்பவில்லை. அவர் போன மூன்று நாளில், லாரி பாடிக்கு வைக்கிற பட்டியைக் குழைத்து ஒவ்வொரு இடைவெளியிலும் நானே திணித்தேன். ஆள் யாரையும் கூட வைத்துக்கொள்ளவில்லை. சாட்சி வேண்டாம் என்று உள்ளுக்குள் தோன்றியிருக்க வேண்டும். காய்ந்ததும் கல் மாதிரி இறுகியது. தேய்த்து, சிவப்புப் பெயிண்ட் இரண்டு கை அடித்தேன். முகம் பார்க்கலாம், அப்படி இருந்தது.

திருகாணியோடு வந்தவர் படகைப் பார்த்தார். கட்டைவிரலால் ஓரிடத்தில் அழுத்தினார்.

"எடுத்துருங்கண்ணே."

"பெயிண்ட் அடிச்சாச்சு மாப்ளே."

"மரம் உப்புனா எங்க போகும்? போக இடமில்லாம உள்ள இருக்குற வங்குக்கால ஒடச்சிரும்." வங்குக்கால் என்பது படகுக்கு விலா எலும்பு. அது எனக்கும் தெரியும். "முதலாளிகிட்ட நானாவது சொல்லிர்றேன்."

அப்போது நான் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன். "சொல்லுங்க. சொன்னா ரெண்டு பேத்துக்கும் இன்னையோட சோலி முடிஞ்சது. வீடு வேணுமா வேணாமான்னு யோசிச்சுக்கங்க."

அவர் திருகாணிப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். முதலாளியிடம் சொல்லவில்லை.

படகு இறங்கிய அன்று ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. எஞ்சின் இரண்டும் உறுமியதில் எதிர்ச் சரிவில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து நின்றார்கள். "எந்தொரு வள்ளம்!" என்று மலையாளத்து மேஸ்திரி கன்னத்தில் கை வைத்தான். நான் ஹபீபைத் திரும்பிப் பார்த்தேன். எப்படி என்று கேட்கிற பார்வை. அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ரஹ்மத்துன்னிசா பாத்திரங்களைக் கொண்டுவந்து இறக்கினாள். அலமாரிப் பலகையும் வந்தது. ஆணி அடிப்பது மட்டும் பாக்கி. ஹபீப் தினமும் காலையில் தண்ணீரில் கட்டிக்கிடந்த படகில் ஏறி, அடிப்பலகையில் காதை வைத்துக் கேட்பார். "முறுக்குற சத்தம் வருதுண்ணே" என்றார் என்னிடம். எனக்குக் கேட்கவில்லை என்றேன். நான் காதை வைத்துப் பார்க்கவே இல்லை.

பதின்மூன்றாம் நாள் முதலாளி மகள்களை ஏற்றிக்கொண்டு முழு வேகத்தில் விட்டார். ஹபீப் பின்னால் நின்றார், நான் கரையில். கட்டை முறிகிற சத்தம் கரைவரைக்கும் கேட்டது. "கரைப்பக்கம் திருப்புங்க முதலாளி, நிறுத்தாதீங்க!" என்று ஹபீப் கத்தியதும் கேட்டது. நெஞ்சளவுத் தண்ணீர்வரை வந்து படகு உட்கார்ந்தது. சின்ன மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, பெரியவளைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் கரையேறினார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

முதலாளி மகள்களின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "மரத்துல கடைசியாக் கை வச்சது யாரு?" என்றார்.

ஹபீபின் சட்டையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அது சொட்டி முடிவதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"மரவேலை பூராம் மாப்ளதான் முதலாளி. நான் எஞ்சினோட சரி."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். இப்படியும் ஒருத்தன் இருப்பானா என்று சந்தேகத்தோடு பார்த்த மாதிரி இருந்தது. அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை. முதல் தடவை சொல்லாமல் இருந்த குற்றம் தன்மேலும் இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ.

"கீழ எறங்கு. இனி இந்த மலையில உன் தலையப் பாக்கக் கூடாது" என்றார் முதலாளி. மறுநாள் பாத்திரமும் பலகையும் பஸ்சில் இறங்கின.

அதற்குப் பிறகு அலை எப்படி என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. "மாப்ள கட்டுன படகு முங்கிருச்சாம்ல" என்றுதான் பேசினார்கள். ரம்ஜான் விருந்துக்கு ராவுத்தர் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் ஹபீப் தன் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். ராவுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் தட்டை மட்டும் வைக்கச் சொல்லித் தடுத்தார். இதற்குக் காரணம் நான்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னேனா? வெற்றிலை போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து அவர் என் ஜீப்பில் ஏறுவதில்லை. சிலமலைப் பக்கம் ஒருநாள் கொட்டுகிற மழையில் துண்டைத் தலையில் போட்டு நடந்துகொண்டிருந்தார். "ஏறுங்க மாப்ளே" என்று நிறுத்தினேன். "இல்லண்ணே, பஸ்சு வந்துரும்" என்றார் மரியாதையாக. என் பட்டறை பெரிதாகிக்கொண்டே போனது.

எண்பத்தைந்தில் முதலாளியின் பெரிய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சம்பந்தி வீட்டுக்காரர்களுக்குப் படகு விட்டுக் காட்டவேண்டுமாம். ஏழு வருஷமாக ஸ்டோருக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது அது. கோழி முட்டையிட்டுக் குஞ்சு பொரித்திருந்தது. எஞ்சினுக்கு என்னைக் கூப்பிட்டார். மரத்துக்கு யார் என்றார்.

"ஹபீப்தான் முதலாளி."

"அவனா?"

அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு. "இப்பக் கை நல்லாத் தேறிட்டாரு முதலாளி."

கடைக்குப் போய்க் கூப்பிட்டேன். ஏலக்காயைப் பிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "ஸ்டோர்ல வைப்பீங்களா?" என்று ஒரே கேள்வி. இல்லை என்றேன். "வர்றேன்" என்றார். பஸ்சில்தான் வந்தார்.

அந்த ஒரு மாதம் அவர் வேலை செய்ததை நான் பார்த்தேன். இடைவெளிகளில் இருந்த என் பட்டியை உளியால் பெயர்த்தார். நீள நீளத் துண்டுகளாக வந்தது. அதில் சிலதை எடுத்து ஒரு பால் பவுடர் டின்னில் போட்டு மூடினார். எதற்கு என்று கேட்டேன். "கெடக்கட்டும்ண்ணே" என்றார். முறிந்த வங்குக்கால் பதினொன்று. ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக வளைத்து வைத்தார். பஞ்சுத் திரியை உளியால் அழுத்தி அழுத்திக் கலப்பத்து அடித்தார். பிறகு படகைத் தண்ணீரில் இறக்கச் சொன்னார். சல்லடை மாதிரி ஒழுகியது.

"மறுபடியுமா?" என்று முதலாளி கத்தினார்.

"மூணு நாளு பொறுங்க முதலாளி. குடிச்சு முடிச்சுரும்."

நானும் கூட நின்று கைப்பம்பு அடித்தேன். முதல் நாள் அடிக்க அடிக்க நிறைந்தது. இரண்டாம் நாள் பாதியாகக் குறைந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் அவர் தன் துண்டை எடுத்து அடிப்பலகை முழுக்கத் துடைத்து என்னிடம் நீட்டினார். துண்டு காய்ந்திருந்தது. இதற்குத்தான் என்னால் மூன்று நாள் பொறுக்க முடியவில்லை.

படகு பறந்தது. "நல்லாச் செஞ்சப்பா" என்று சொல்லி முதலாளி வீட்டுக்குள் போய்விட்டார். அணைக்கரை வீட்டில் டிரைவர் திருப்பதி குடும்பம் குடியிருந்தது. ஹபீப் அந்தக் கொய்யாவைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு உளிகளைப் பைக்குள் அடுக்க ஆரம்பித்தார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. நேரே முதலாளியிடம் போய், பட்டி வைத்தது, மிரட்டியது, பொய் சொன்னது எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் தபாலைப் பிரித்துக்கொண்டே, "தெரியும்யா" என்றார். "படகத் தூக்கிப் போட்ட அன்னைக்கே நகத்தால சொரண்டிப் பாத்தேன். லாரிப் பட்டி எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் முதலாளி அவரை..."

"எஸ்டேட்டுல ஏழு ஜீப்பு ஓடுது. உன்னையத் தொரத்திட்டு எவனத் தேடுறது? அவனுக்குத்தான் மாமனார் கடை இருக்குல்ல. போய்ச் சோலியப் பாரு."

ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்சில் ஏறி ஹபீபின் பக்கத்தில் உட்கார்ந்தேன். போடிமெட்டு தாண்டி வளைவுகள் ஆரம்பித்தன.

"மாப்ளே, முதலாளிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். என்னைய மன்னிச்சுருங்க. அன்னைக்கு நான்..."

"எங்கிட்டச் சொல்ல என்னண்ணே இருக்கு? நான் அங்கனதான நின்னேன்."

பஸ் இரண்டு வளைவு இறங்கியது. அவர்தான் திரும்பினார். ஏழு வருஷத்தில் அவர் முகத்தில் அப்படி ஓர் ஆவலை நான் பார்த்ததில்லை. "முதலாளி என்ன சொன்னாரு?"

எனக்குத் தேவைப்பட்டபோதெல்லாம் பொய் சொன்ன வாய் இது. இந்த ஒரு இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பாவமன்னிப்புக் கிடைத்துவிட்ட மிதப்பில் இருந்தேன் போல.

"அவருக்குத் தெரியுமாம் மாப்ளே. அன்னைக்கே தெரியுமாம்."

"அன்னைக்கேவா?"

"படகத் தூக்கிப் போட்ட அன்னைக்கே."

அவர் வெளியே பார்த்தார். கீழே போடி ஊரும் அதற்கப்பால் வயலும் தெரிந்தன. முகத்தைத் திருப்பாமலே பேசினார், என்னிடம் பேசுவதுபோலவே இல்லை.

"அவருக்குத் தெரியாதுன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். தெரியவந்த அன்னைக்குக் கூப்பிடுவாருன்னு. அவ அந்த அலமாரிப் பலகையக்கூட இன்னும் வேற எதுக்கும் எடுக்கல."

போடியில் பஸ் நின்றதும் பையைத் திறந்தார். பால் பவுடர் டின்னை எடுத்து என் மடியில் வைத்தார்.

"அவருகிட்டக் காட்டலாம்னு வச்சிருந்தேன். இனி எனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அவர் இன்னும் மாமனார் கடையில் ஏலக்காய் பிரிக்கிறார். பார்த்தால் வணக்கம் சொல்கிறார். போன வாரம்தான் தைரியம் வந்து அந்த டின்னைத் திறந்தேன். உள்ளே இன்னும் லேசாக ஏலக்காய் வாசம் இருந்தது. துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். நான் அடித்த சிவப்புப் பெயிண்ட் ஓரிடத்தில்கூட உரியவில்லை.